பூட் பிளாப்பியும் அந்திம ஸ்மிருதியும்

தன்னினைவு இழந்துவிட்ட ஒருவன் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை நம் சமய ஆசாரியர்கள் மரணப் படுக்கையின் பக்கத்தில் நின்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் சிறு உருவம் ஒன்றை, 1990-களின் பிற்பகுதியில் விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவற்றைக் கொண்டு கம்ப்யூட்டரில் வேலை செய்தவர்கள் பலர், அது வேதாந்த விசாரத்தோடு சம்பந்தப்பட்டது என்ற நினைப்பே இல்லாமல், என்றாவது ஒரு நாள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருந்தது. முதல் நாள் இரவு ஒழுங்காக நிறுத்தப்பட்ட யந்திரம், மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டதும் விசிறி சுழன்று, திரை ஒளிர்ந்து, தன் நினைவகம் இவ்வளவு என்று எண்ணிக் காட்டி, அதற்குமேல் ஓர் அடியும் எடுத்துவைக்க மாட்டாமல், சிஸ்டம் டிஸ்க்கைக் காணவில்லை என்ற ஒரே வரியைக் கறுப்புத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். அப்படி நின்றுவிட்ட யந்திரத்துக்குள் சொந்தக்காரருடைய கடிதங்களும் கணக்குகளும் படங்களும் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். அவற்றைச் சென்றடையும் வழியை மட்டுமே யந்திரம் மறந்திருக்கும். அந்த வேளைக்கென்று முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளும் பிளாப்பிக்குப் பூட் டிஸ்க் என்று பெயர். அதைச் செய்யும் முறையையும், செய்யும்போது கவனிக்க வேண்டிய விதிகளையும் ஊன்றிப் பார்க்கிறவனுக்கு, அந்திம ஸ்மிருதி என்னும் மரணகால நினைவைப் பற்றி ஆசாரியர்கள் கண்ட முடிவு எவ்வளவு ஆழ்ந்த யுக்தியுடையது என்பது புலப்படும் என்று நான் நம்புகிறேன்.

மின்சாரம் பாயும் முதற்கணத்தில் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே தெரியாது. அதன் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. விண்டோஸ் என்று ஒன்று உண்டு என்பதோ, ஹார்டு டிஸ்க்கில் தன் எஜமானருடைய பத்து வருஷத்து உழைப்பு பதிந்திருக்கிறது என்பதோ அது அறியாதது. பிராசஸருக்குத் தொழிற்சாலையிலேயே விதிக்கப்பட்ட விலாசம் ஒன்று உண்டு. விழித்தவுடன் அந்த இடத்தில் உள்ள கட்டளையை அது நிறைவேற்றத் தொடங்குகிறது. அங்கே இருப்பது பயாஸ் என்னும் சிறு புரோகிராம். மின்சாரம் போனாலும் அழியாத சிப் ஒன்றில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பயாஸும் மிக அறிந்ததன்று. உறுப்புகளைச் சோதித்து முடித்ததும், டிஸ்க்கின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டுகளை மட்டும், எடுத்து நினைவகத்தில் வைத்து, ‘இனி நீ நடத்து’ என்று ஆட்சியை அதனிடம் ஒப்படைத்து ஒதுங்கிவிடுவதோடு அதன் கடமை தீர்ந்தது. அந்த 512 பைட்டுகளுக்கும் விண்டோஸைத் தெரியாது. அடுத்த கோப்பு எங்கே கிடக்கிறது என்பது ஒன்றுதான் தெரியும். இப்படி ஒவ்வொரு படியும் தனக்கு மேலுள்ள ஒரே படியை மட்டும் அறிந்து, அதை எழுப்பிவிட்டுத் தான் மறைய, ஒரு நிமிஷத்துக்குள் நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவுள்ள ஒரு பிரபஞ்சம் திரையில் விரிகிறது. நம் தார்க்கிகர்கள் அனவஸ்தை என்று சொல்லிக் கண்டித்த முடிவில்லாத பின்னோக்கிய ஓட்டம் இங்கே அந்தச் சிப்பில் வந்து நின்றுவிடுகிறது. அந்தச் சிப்புக்குள் எழுத்தைப் பொறித்தது அந்த யந்திரமன்று.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும். முதல் செக்டாரில் ஒரு சில பைட்டுகள் சிதைந்தாலும், தொடக்கத்தில் வேண்டிய ஐஓ.சிஸ் என்னும் கோப்பு அழிந்தாலும், மேலே உள்ள அனைத்தும் இருந்தும் இல்லாதது போல் ஆகிவிடும். டிஸ்க்கைப் பழுது பார்க்கும் புரோகிராம்கள் விண்டோஸோடு கூடவே வருகின்றன என்பது உண்மை. ஆனால் அவை அந்த டிஸ்க்கிலேதான் இருக்கின்றன, அந்த டிஸ்க்கோ எழுந்திருக்கவில்லை. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவன் நிலை இது. ஒன்று தனக்குத் தானே ஆதாரமாக நிற்பதாகச் சொல்வதை நியாய சாஸ்திரம் ஆத்மாசிரயம் என்ற தோஷமாக எண்ணுகிறது. வாதத்தில் அந்தத் தோஷம் வந்தால் வாதம் விழும். யந்திரத்தில் வந்தால் யந்திரம் விழுகிறது. புத்தி பேதலித்தவனைப் பார்த்து, ‘உன் புத்தியைக் கொண்டு உன் புத்தியைச் சரி செய்துகொள்’ என்று உபதேசிப்பவர்கள் உலகத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். மன உறுதி ஒன்றே போதும் என்று அவர்கள் எழுதும் புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம், உறுதி கொள்ள வேண்டிய மனமே உடைந்து கிடக்கிறவனுக்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றும். உதவி வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெளியில் இருக்க வேண்டுமானால் முன்னமே அங்கே வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

விண்டோஸ் 98-இல் அதை வைக்கும் முறை எளியது. கன்ட்ரோல் பேனலைத் திறந்து, புரோகிராம்களைச் சேர்க்கவும் நீக்கவும் உள்ள பகுதிக்குப் போனால், அங்கே ‘ஸ்டார்ட்அப் டிஸ்க்’ என்று ஒரு தாவல் இருக்கும். அதில் டிஸ்க்கைச் செய்யும்படி பொத்தானை அழுத்தினால், ஒரு பிளாப்பிக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டி ஏ: டிரைவில் செருகும்படி யந்திரமே சொல்லும், அதில் இப்போது உள்ளதெல்லாம் அழிந்துபோகும் என்றும் எச்சரிக்கும். மூன்றரை அங்குலச் சதுரமான அந்தப் பிளாஸ்டிக் உறையைத் தகட்டுமூடி முன்னால் போகும்படி பிடித்து உள்ளே தள்ளினால் ‘க்ளிக்’ என்று ஓர் ஒலி கேட்கும். பிறகு சிறு பச்சை விளக்கு எரிய, உள்ளே ஏதோ அரைபடுவதுபோன்ற சத்தத்தோடு கோப்புகள் ஒவ்வொன்றாக இறங்கும். பழைய டாஸ் காலத்தவர்கள் இதையே கைப்பட, பார்மட் கட்டளையோடு எஸ் என்ற ஒரே எழுத்தைச் சேர்த்துச் செய்துகொண்டார்கள். நான் கவனித்த அளவில், இதைச் செய்கிறவர்கள் எல்லோரும் ஏதோ வேண்டாத வேலையைச் செய்வதுபோலத்தான் செய்வார்கள். யந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வீழ்ச்சிக்கு ஏற்பாடு செய்வது மனித சுபாவத்துக்கு உகந்ததாக இல்லை.

அந்தப் பிளாப்பியில் என்ன கொள்ளும்? பக்கம் இரண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் 80 தடங்கள், ஒரு தடத்துக்கு 18 செக்டார்கள். ஆகக்கூடி 2,880 செக்டார்கள், 14,74,560 பைட்டுகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கும் அது போதாது. ஆகவே, இதை விட்டால் எழவே முடியாது என்பது எது, இது இல்லாவிட்டாலும் பிறகு தேடிக்கொள்ளலாம் என்பது எது என்று பகுத்தறிய வேண்டிய நிர்ப்பந்தம் அங்கே உண்டாகிறது. திரையின் அழகிய படங்களும், ஜன்னல்களும், வண்ணங்களும், ஒலிகளும் முதலில் விலகுகின்றன. ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ், கமாண்ட்.காம் என்ற மூன்று கோப்புகள் நிற்கின்றன. இவை மூன்றும் சேர்ந்து பிளாப்பியில் கால் பங்கு இடத்தைக்கூடப் பிடிப்பதில்லை. அவற்றோடு டிஸ்க்கைப் பிரிக்கும் எப்டிஸ்க், பழுது தேடும் ஸ்கேன்டிஸ்க், துவக்கக் கோப்புகளைத் திரும்ப எழுதும் சிஸ் முதலான கருவிகள் வருகின்றன. விண்டோஸ் 95-இன் பிளாப்பியில் சீடி டிரைவை இயக்கும் டிரைவர் இல்லை. எழுந்துவிட்டாலும் சீடியில் உள்ள விண்டோஸை எட்ட முடியாமல் திகைத்து நின்றவர்கள் அநேகர். 1998 ஜூன் மாதம் வெளிவந்த விண்டோஸ் 98 அந்தக் குறையைத் தீர்த்தது. பலவகைச் சீடி டிரைவுகளுக்கும் பொதுவாகப் பொருந்தும் டிரைவர்களை அதில் சேர்த்தார்கள். இடம் போதாததால் கருவிகளைச் சுருக்கி ஒரே மூட்டையாகக் கட்டி வைத்து, யந்திரம் எழுந்தவுடன் நினைவகத்திலேயே 2 மெகாபைட் அளவுக்கு ஒரு தற்காலிக டிஸ்க்கை உண்டாக்கி, மூட்டையை அங்கே அவிழ்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். மின்சாரம் நின்றதும் அந்த டிஸ்க் சுவடில்லாமல் மறைந்துவிடும். அது இடையில் வந்து ஓர் எழுத்தைப் பிடித்துக்கொள்வதால், வழக்கமாக டி: என்று இருந்த சீடி அன்றைக்கு மட்டும் இ: என்று பெயர் மாறி நிற்கும், அறியாதவர்கள் அதைத் தேடி அலைவார்கள்.

பூட் டிஸ்க் கொண்டுவந்து சேர்க்கும் இடம் எது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் திரையில் ஏ:\> என்ற குறியும், அதன் பக்கத்தில் இமைக்கும் ஒரு சிறு கோடும் தோன்றும், அவ்வளவுதான். வியாதி ஏதும் குணமாகிவிடவில்லை. அங்கிருந்து சி: என்று தட்டிப் பார்த்தால், இழந்துவிட்டதாக நினைத்த கோப்புகள் எல்லாம் வரிசையாக வரும், ஆனால் அவற்றின் நீண்ட பெயர்கள் போய்விட்டிருக்கும், ‘மை டாக்குமென்ட்ஸ்’ என்று இருந்தது ஆறு எழுத்தும், ஓர் அலைக்குறியும், ஒன்று என்ற எண்ணும் கொண்ட குறும்பெயராகக் குன்றி நிற்கும். அந்தப் பழைய தளத்துக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் சொல்லத் தெரியாது. உள்ளே இருக்கும் பொருள் மட்டும் மாறவில்லை. தேகம் தளர்ந்த முதியவர்களிடம் பட்டமும் பதவியும் ஊரும் உத்தியோகமும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, தாய் அழைத்த செல்லப்பெயர் ஒன்றுக்கு மட்டும் அவர்கள் கண் திறப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு, இந்தக் காட்சி வெறும் யந்திர விவகாரமாகத் தோன்றாது.

இனிச் சமயத்தின் கேள்விக்கு வருவோம். தேகத்தை விடும் தறுவாயில் எதை நினைக்கிறானோ அதையே ஜீவன் அடைகிறான் என்பது கீதையின் எட்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் அருளிய சித்தாந்தம். இதைக் கேட்ட மாத்திரத்தில் பக்தனுக்கு ஆறுதல் உண்டாவதைவிடப் பயம் உண்டாவதே இயல்பு. பாகவதம் சொல்லும் பரதனுடைய கதையை எடுத்துக்கொள்ளுங்கள்: ராஜ்யத்தைத் துறந்து, கண்டகி நதிக்கரையில் தவமிருந்து, சித்தத்தைப் பகவானிடம் நிறுத்திய மகான் அவன், தாயை இழந்த ஒரு மான்குட்டியைக் கருணையினால் எடுத்து வளர்க்கப்போய், கடைசிக் கணத்தில் அதன் நினைவே மேலிட்டு, மானாகப் பிறந்தான். இத்தனை காலத் தவமும் ஒரு கணத்து நினைவினால் விலகிப்போகுமானால், கபம் தொண்டையை அடைத்து, மருந்தினால் அறிவு மயங்கி, பெற்ற பிள்ளையின் முகமும் தெரியாமல் கிடக்கப்போகிற சாமானிய மனிதனுக்குக் கதி என்ன? எந்தக் கருவியைக் கொண்டு நினைக்க வேண்டுமோ அந்தக் கருவியே அழிகிற கணத்தில் நினைத்தே தீர வேண்டும் என்று விதிப்பது, எழாத டிஸ்க்கைப் பார்த்து உன்னிடமுள்ள ஸ்கேன்டிஸ்க்கை ஓட்டு என்பதற்குச் சமானம். விதி பொய்யன்று, அதை நிறைவேற்றும் சக்தி அந்த வேளையில் அவனிடம் இல்லை.

பெரியாழ்வார் இந்தச் சங்கடத்தை மற்ற எவரையும்விடத் தெளிவாகக் கண்டவர் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய திருமொழியில் நாலாம் பத்தின் பத்தாம் பதிகம் முழுவதும் திருவரங்கத்துப் பெருமானிடம் செய்யும் ஒரே விண்ணப்பம். இளைத்துக் கிடக்கும் அந்த நேரத்தில் உன்னை நினைக்க என்னால் ஆகாது. ஆகையால் நினைக்க முடிகிற இந்த நேரத்திலேயே, அந்த நேரத்துக்கு வேண்டியதை உன்னிடம் விண்ணப்பித்து ஒப்படைத்துவிட்டேன் என்பது அந்தப் பதிகத்தின் தாத்பர்யம். இதில் இரண்டு அம்சங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் செய்யப்படும் காலம் தேகமும் புத்தியும் ஸ்வஸ்தமாக இருக்கும் காலம் என்பது ஒன்று. அது வைக்கப்படும் இடம் தன் நெஞ்சன்று என்பது மற்றொன்று. நெஞ்சில் வைத்தால் நெஞ்சோடு அழியும். கபம் தன் தொண்டையை அடைக்குமேயன்றி அரங்கனுடைய செவியை அடைக்காது என்ற துணிபு அவருக்கு இருந்தது. வைஷ்ணவர்கள் வராக சரம சுலோகம் என்று போற்றும் வாக்கு இதே விஷயத்தை மறுகரையிலிருந்து பேசுகிறது. மனம் நிலையாகவும் தாதுக்கள் சமமாகவும் இருக்கும்போது என்னை ஒருவன் எண்ணினானாகில், பின்பு அவன் கட்டையும் கல்லுமாகக் கிடக்கும் காலத்தில் அவனை நான் எண்ணுகிறேன் என்று பூமிப்பிராட்டிக்கு வராகப் பெருமாள் வாக்களிக்கிறார். நினைக்க வேண்டிய கடமை கைமாறிவிடுகிறது. காஞ்சிபுரத்தில் வரதராஜனுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியத்தில் இருந்த திருக்கச்சி நம்பிகளின் வாயிலாக ராமானுஜர் பெற்றதாகக் குருபரம்பரை சொல்லும் ஆறு வார்த்தைகளில் ஒன்று, சரணம் புகுந்தவனுக்கு அந்திம ஸ்மிருதி அவசியமில்லை என்பதே. அந்த ஆறையும் படிக்கும் அறிஞர்கள் தத்துவ நிர்ணயம் செய்கிற முதல் இரண்டு வார்த்தைகளில்தான் அதிகம் நிற்பது வழக்கம். சாகப்போகிற மனிதனுக்கு இந்த வார்த்தைதான் பெரிது என்று நான் சொல்வேன்.

ஸ்வஸ்தமாக இருக்கும்போதே என்ற நிபந்தனைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்பதைப் பூட் டிஸ்க்கின் விஷயத்தில் வைரஸ்களின் சரித்திரம் விளக்குகிறது. 1986-இல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ என்பது பிளாப்பியின் முதல் செக்டாரைப் பற்றிக்கொண்டு பரவியது. ‘மைக்கேலாஞ்சலோ’ என்று பெயர் பெற்ற மற்றொன்று மார்ச் 6-ஆம் தேதி விழித்தெழுந்து டிஸ்க்கில் உள்ளதை அழிப்பது; 1992-இல் அந்தத் தேதி நெருங்கியபோது உலகெங்கும் பத்திரிகைகள் அதைப் பற்றியே எழுதின. இவை பரவிய விதம் கவனிக்கத் தக்கது. சிஸ்டம் கோப்புகள் இல்லாத சாதாரணப் பிளாப்பியிலும் முதல் செக்டாரில் ஒரு சிறு புரோகிராம் உண்டு. ‘இது சிஸ்டம் டிஸ்க் அன்று, வேறு டிஸ்க்கை இடு’ என்று திரையில் வரும் வாக்கியத்தை எழுதுவது அந்தப் பிளாப்பியிலிருந்து ஓடும் அந்தப் புரோகிராம்தான். தன்னால் இயலாது என்று சொல்வதற்கும் கொஞ்சம் உயிர் வேண்டியிருக்கிறது. அந்த உயிர்நிலையில்தான் வைரஸ் போய் உட்கார்ந்துகொண்டது. டிரைவில் மறந்துவிட்ட ஒரு பிளாப்பியோடு யந்திரத்தைத் தொடங்கினால் போதும், அந்த வாக்கியம் திரைக்கு வருவதற்குள் ஹார்டு டிஸ்க் தீண்டப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு அந்த யந்திரத்தில் செருகப்படும் பிளாப்பிகளையும் அது பற்றிக்கொள்ளும். ஆகையால் நோயுற்ற யந்திரத்தில், நோய் வந்தபின், பரபரப்போடு செய்துகொள்ளும் பூட் டிஸ்க் ஔஷதமாக இருப்பதற்குப் பதில் அந்த நோயின் மற்றொரு பிரதியாக இருக்கும். கலங்கிய மனம் தன் கலக்கத்தின் நடுவில் கண்டுபிடிக்கும் சமாதானங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. பயத்தில் பிறந்த பக்தியைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை என்றாலும், அதனுள் பயமும் சேர்ந்தே பிரதியாகிறது என்பதை மறைக்கவும் விருப்பமில்லை.

ஆரோக்கியமான யந்திரத்தில் செய்த பிளாப்பியையும் அப்படியே விட்டுவிடலாகாது. பின்புறம் ஒரு மூலையில் நகம் அளவுள்ள பிளாஸ்டிக் தாழ் ஒன்று உண்டு. அதை நகத்தினால் தள்ளினால் ஒரு சிறு சதுரத் துவாரம் திறந்து, மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். அந்தத் துவாரம் திறந்திருக்கிறவரையில் டிரைவ் அந்தப் பிளாப்பியைப் படிக்குமேயன்றி அதில் ஓர் எழுத்தும் எழுதாது. எந்த வைரஸின் சாமர்த்தியமும் அங்கே செல்லாது. பிளாப்பி என்னும் சாதனம் பிறந்த கதையிலேயே இந்தக் குணம் இருக்கிறது. 1971-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட எட்டு அங்குலப் பிளாப்பி, அதன் சிஸ்டம்/370 என்ற பெரிய கம்ப்யூட்டர்களுக்குத் தொடக்கத்தில் வேண்டிய உள்கட்டளைகளை ஏற்றுவதற்காகவே உண்டானது; ஏறத்தாழ 80 கிலோபைட் கொண்ட அதைப் படிக்கத்தான் முடியும், அந்த டிரைவினால் அதில் எழுத முடியாது. கடிதம் எழுதி வைக்கவும் கணக்குப் போட்டு வைக்கவும் பிளாப்பி பயன்பட்டதெல்லாம் பிற்காலத்து வளர்ச்சி. யந்திரத்தை எழுப்புவதே அதன் முதல் தொழிலாக இருந்தது. விழுந்தவனைத் தாங்குவது எதுவோ அது விழுந்தவனால் மாற்றப்பட முடியாததாக இருக்க வேண்டும் என்பது ஆதியிலேயே அதற்கு அமைந்த இலக்கணம். பரம்பொருளை அவிகாரி என்று வேதாந்தம் திரும்பத் திரும்பச் சொல்வதை உயிரற்ற பாண்டித்தியம் என்று எண்ணி நகர்ந்துவிடுகிறோம். நம்முடைய அழுகையும் கோபமும் பிதற்றலும் சென்று எழுத முடியாத ஓர் இடம் இருந்தால்தான் நாம் அதைப் பற்றிக்கொண்டு எழலாம் என்று பார்க்கும்போது, அந்தச் சொல்லில் நமக்குக் கிடைக்கும் அபயம் விளங்குகிறது.

இதில் கஷ்டமான ஓர் இடமும் உண்டு. பயாஸில் டிஸ்க்குகளைத் தேடும் வரிசை ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். முதலில் ஏ:, பிறகு சி: என்பது அந்நாளில் வழக்கமான வரிசை. தினந்தோறும் காலையில், எந்தக் குறையும் இல்லாதபோதுகூட, யந்திரம் தன் சொந்த டிஸ்க்குக்குப் போவதற்கு முன் பிளாப்பி டிரைவின் விளக்கு ஒரு கணம் எரிந்து, வெளியிலிருந்து யாரேனும் வந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அணையும். அந்த ஒரு கணம் வீண் என்று நினைத்தவர்களும், வைரஸுக்கு அஞ்சியவர்களும் சி: ஒன்றையே முதலில் பார்க்கும்படி மாற்றி வைத்தார்கள். அவர்கள் அஞ்சியது நியாயம். உதவி வருகிற அதே வாசல் வழியாகத்தான் கேடும் வருகிறது, போலி ஆசாரியர்களிடம் தங்களைத் திறந்து கொடுத்துக் கெட்டவர்கள் நம் கண் முன்னே இருக்கிறார்கள். ஆனால் சி: மட்டும் என்று வைத்துவிட்ட யந்திரம் சி: விழுந்த அன்று, கையில் நல்ல பூட் டிஸ்க் இருந்தும், அதை ஏறெடுத்துப் பார்க்காது; சிஸ்டம் டிஸ்க் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மறுபடி பயாஸுக்குள் புகுந்து வரிசையை மாற்ற வேண்டும். யந்திரத்துக்கு அந்த வசதி இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் வெளியே பாராமல் வாழப் பழகியவனுக்குக் கடைசி நாளில் வரிசையை மாற்றிக் கொடுப்பவர் யார் என்பது எனக்கு எளிதில் விடை காண முடியாத கேள்வியாகவே இருக்கிறது. வாசலை அடைத்துவிடுவதைவிட, வருகிறவர் இன்னார் என்று அறியப் பழகுவதே மேல் என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

உபமானம் எந்த இடத்தில் முறிகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிளாப்பி ஒரு பௌதிக வஸ்து. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின்மேல் பூசிய காந்தப் பொடியில்தான் அதன் ஞாபகம் இருக்கிறது. வெப்பமும் தூசியும் அதற்கு விரோதிகள்; ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும்; ஒலிபெருக்கியின் காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எழுத்து கலையும். அலமாரியில் ஐந்து வருஷம் இருந்த பிளாப்பி வேண்டிய அன்று படிக்க மறுத்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. அதனால்தான் செய்து வைத்ததோடு நில்லாமல், யந்திரம் நலமாக இருக்கும்போதே ஒரு முறை அதை முழுவதும் நிறுத்தி, பிளாப்பியைக் கொண்டு எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். காலத்தோடு புதுப்பிக்கவும் வேண்டும்: 1996-இல் வந்த ஃபேட்32 என்ற முறையில் டிஸ்க்கை அமைத்தவர்கள் பழைய டாஸ் 6.22 பிளாப்பியைக் கொண்டு எழுப்பியபோது, யந்திரம் எழுந்தது, ஆனால் சி: என்ற டிரைவே அதன் கண்ணுக்குப் படவில்லை. சரணாகதியைப் பற்றி ஆசாரியர்கள் சொல்வது இதற்கு மாறானது. அது ஒரு முறை செய்தால் போதும். மீண்டும் மீண்டும் செய்வது முதலில் செய்ததில் நம்பிக்கை இல்லாமையைக் காட்டும் என்பது அவர்கள் கொள்கை. ஏற்றுக்கொண்டவனுடைய ஞாபகத்தில் பூஞ்சை பிடிப்பதில்லை. ஜீவனுடைய பிரயத்தனம் அதில் எவ்வளவு என்பதில் வைஷ்ணவர்களுள் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் பேதம் உண்டே தவிர, ஒரு முறை என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை.

எவ்வளவு செம்மையாகச் செய்த பிளாப்பியாக இருந்தாலும் அது தானே எழுந்துபோய் டிரைவில் நுழைந்துகொள்ளாது. ஒரு கை வேண்டும். அந்தக் கை நின்றுபோன யந்திரத்தின் கையாக இருக்க முடியாது. வராகப் பெருமாளின் வாக்கில் ‘நான் எண்ணுகிறேன்’ என்று வருகிற பகுதியை இங்கே பொருத்திப் பார்க்கிறேன். ஸ்வஸ்தமாக இருந்தபோது ஜீவன் செய்தது பிளாப்பியைச் செய்து கொடுத்தது மட்டுமே. அதை வேளையறிந்து இடுவது மற்றொருவர் கிருபை. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அந்தப் பிளாப்பி இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும், அதன்மேல் இன்னது என்று மையினால் தெளிவாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் இதனால்தான் முக்கியமாகின்றன. சாகும் தறுவாயில் இருப்பவர் செவியில் சுற்றத்தார் திருநாமத்தைச் சொல்லும் வழக்கத்தை மூடப் பழக்கம் என்று ஒதுக்குகிறவர்கள், இடுகிற கையின் அவசியத்தை யோசித்துப் பார்க்கலாம்.

ஒன்றுமே செய்து வைக்காதவன் கதி என்ன என்று கேட்கலாம். விண்டோஸ் 98-இன் பூட் டிஸ்க் எந்த யந்திரத்தில் செய்யப்பட்டதோ அந்த யந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. பொதுவான டிரைவர்களைக் கொண்டதாகையால், அடுத்த வீட்டுக்காரர் தம் யந்திரத்தில் செய்த பிளாப்பியைக் கொண்டு இந்த வீட்டு யந்திரத்தையும் எழுப்பலாம். ஓர் அலுவலகத்தில் கவனமுள்ள ஒருவர் செய்து, தாழைத் திறந்து, பெயரெழுதி மேஜை இழுப்பறையில் வைத்த ஒரே பிளாப்பி, அங்கிருந்த அத்தனை யந்திரங்களுக்கும், அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர்களின் யந்திரங்களுக்கும் உதவியது உண்டு. ராமானுஜருடைய சம்பந்தம் ஒன்றே தங்களுக்குப் போதும், அவர் செய்த சரணாகதியில் தாங்களும் அடக்கம் என்று சொல்லும் ஶ்ரீவைஷ்ணவப் பெரியோர்களின் வார்த்தையை முன்பு நான் வெறும் பணிவின் வெளிப்பாடு என்றே கொண்டிருந்தேன். அந்த இழுப்பறையை நினைக்கும்போது அதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து, ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தடையொன்றும் தெரியவில்லை.